நீர், கழிவுநீர்க் குழாய்ச் சீரமைப்புத் தொழில்நுட்பங்களின் சோதனை

நீர், கழிவுநீர்க் குழாய்ச் சீரமைப்புத் தொழில்நுட்பங்களின் சோதனை என்பது, நிலத்தடியில் முதுமையடைந்து பழுதுறும் குடிநீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் சீர்செய்யும் புதிய முறைகளும் பொருட்களும் எதிர்பார்த்தபடி செயற்படுகின்றனவா என்பதை ஆய்வுக்கூடத்திலும் களத்திலும் அளந்தறியும் பொறியியல் நடவடிக்கை ஆகும். குழாயின் நிலையை அறியும் கருவிகள், குழாயின் உள்ளே இடப்படும் உறைகள், பூச்சுகள், பழைய குழாய் இருந்த வழியிலேயே புதுக்குழாயைச் செலுத்தும் முறைகள் ஆகியன இவ்வாறு சோதிக்கப்படுகின்றன.

நிலத்தடியில் ஒருமுறை இடப்பட்ட குழாய் பல பத்தாண்டுகளுக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை. சீரமைப்பில் நேர்ந்த பிழையும் அவ்வாறே பல ஆண்டுகள் மறைந்திருக்கும். அது வெளிப்படும்போது தெரு உள்வாங்குதல், குடிநீர் மாசடைதல், கழிவுநீர் வீடுகளுக்குள் புகுதல் போன்ற வடிவங்களிலேயே வெளிப்படும். ஆகவே ஒரு நகரம் தன் மக்களின் வரிப்பணத்தைப் புதிய முறையொன்றில் இடுவதற்கு முன், அம்முறையை விற்பவர் அல்லாத ஒருவர் அதனைச் சோதித்திருக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படைக் கருத்தாகும்.

பின்னணி

ஐரோப்பிய, வட அமெரிக்க நகரங்களின் நீர் வலையமைப்புகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டிலும் கட்டப்பட்டவை. அமெரிக்க நீர்ப்பணிச் சங்கம் 2001இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அந்நாட்டு வார்ப்பிரும்புக் குழாய்களின் வாழ்நாளைப் பற்றிக் குறிப்பிடத்தக்க ஒரு செய்தியைக் கூறியது. 1800களின் இறுதியில் இடப்பட்ட குழாய்கள் சராசரியாக 120 ஆண்டுகளும், 1920களில் இடப்பட்டவை சுமார் 100 ஆண்டுகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இடப்பட்டவை சுமார் 75 ஆண்டுகளும் உழைக்கும் என்பதே அது. பிற்காலக் குழாய்களின் சுவர் மெல்லியதாக இருந்தமை இதற்கு ஒரு காரணமாகும். இதன் விளைவாக, வெவ்வேறு தலைமுறைகள் இட்ட குழாய்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிவை எட்டுகின்றன.

குழாய்கள் பழுதடையும் விதம் அவற்றின் பொருளையும் பயனையும் பொறுத்தது.

- வார்ப்பிரும்புக் குழாய்கள் மண்ணின் அரிப்பால் வெளிப்புறத்திலும் நீரின் அரிப்பால் உட்புறத்திலும் சுவர் மெலிகின்றன. உட்புறத்தில் துருக்கட்டிகள் வளர்ந்து நீரோட்டத்தைக் குறைக்கின்றன.
- காங்கிரீட்டுக் கழிவுநீர்க் குழாய்களில், கழிவிலிருந்து வெளிப்படும் ஐதரசன் சல்பைடு வாயுவைப் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. இவ்வமிலம் குழாயின் மேல்வளைவைத் தின்றுவிடுகிறது.
- சுட்டகளிமண் குழாய்கள் அரிப்பைத் தாங்குகின்றன. ஆயினும் அவற்றின் இணைப்புகள் வழியே மரவேர்களும் நிலத்தடி நீரும் உள்ளே புகுகின்றன.

2014 சூலை 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1921இல் இடப்பட்ட 30 அங்குல உருக்குக் குழாயும் அதனோடு இணைந்த குழாயும் உடைந்ததில், சுமார் 2 கோடி கேலன் நீர் பாய்ந்து கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தின் சில பகுதிகளை மூழ்கடித்தது. 2016 டிசம்பர் 24 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பிரேசர் நகரில் பெரும் கழிவுநீர்க் குழாய் ஒன்று இடிந்து வீழ்ந்து, தெருவில் பெரிய குழி தோன்றியது. அருகிலிருந்த வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். அமெரிக்கக் குடிசார் பொறியாளர் கழகம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு நீர்க்குழாய் உடைகிறது. அம்மதிப்பீட்டில் குடிநீர்க் கட்டமைப்பு "சி-" தரத்தையும் கழிவுநீர்க் கட்டமைப்பு "டி+" தரத்தையும் பெற்றன.

எல்லாக் குழாய்களையும் தோண்டி எடுத்துப் புதிதாக இடுவது பெருஞ்செலவு பிடிக்கும். அமெரிக்க நீர்ப்பணிச் சங்கம் 2012இல் வெளியிட்ட கணிப்பு, குடிநீர்க் குழாய்களை மாற்றவும் விரிவாக்கவும் மட்டுமே 25 ஆண்டுகளில் ஒரு இலட்சம் கோடி டாலருக்கு மேல் தேவைப்படும் எனக் கூறியது. இதனாலேயே, தெருவை முழுவதும் தோண்டாமல் சீர்செய்யும் அகழ்வில்லா முறைகள் முக்கியத்துவம் பெற்றன.

சோதிக்கப்படும் முறைகள்

சீரமைப்பு முறைகளுள் முதன்மையானவை பின்வருமாறு:

- உட்குழாய் இடுதல்: பழைய குழாயினுள் அதைவிடச் சிறிய பாலிஎத்திலீன் குழாயை இழுத்துச் செலுத்துதல். எளிய முறையாயினும் குழாயின் விட்டம் குறைகிறது.
- இடத்திலேயே இறுகும் உறை: செயற்கைப் பிசின் ஊட்டிய துணிக்குழாயைப் பழைய குழாயினுள் செலுத்தி, வெந்நீர், நீராவி அல்லது புற ஊதா ஒளியால் இறுகச் செய்தல். இறுகியபின் அது பழைய குழாயின் உட்சுவரை ஒட்டிய புதுக்குழாய் ஆகிறது.
- தெளிப்புப் பூச்சு: சிமெந்துச் சாந்து, எபாக்சி, பாலியூரியா போன்றவற்றைச் சுழலும் தலையுடைய கருவியால் உட்சுவரில் தெளித்தல்.
- குழாய் உடைப்பு முறை: கூம்பு வடிவக் கருவி பழைய குழாயை உடைத்து மண்ணுக்குள் தள்ளிக்கொண்டே செல்ல, அதன் பின்னே புதுக்குழாய் இழுக்கப்படுதல். பழைய அளவைவிடப் பெரிய குழாயையும் இம்முறையால் இடலாம்.

அமெரிக்க நீர்ப்பணிச் சங்கம் குடிநீர்க் குழாய் உறைகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு அரிப்பைத் தடுக்கும் பூச்சு மட்டுமே. இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் பழைய குழாயின் துணையோடு சுமையைத் தாங்குவன. நான்காம் வகுப்பு உறையானது, பழைய குழாய் முற்றிலும் செயலிழந்தாலும் தானே அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஒரு பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதை விளம்பரத்தால் அன்றிச் சோதனையால் மட்டுமே நிறுவ முடியும்.

வரலாறு

இடத்திலேயே இறுகும் உறையை இங்கிலாந்தைச் சேர்ந்த எரிக் வுட் என்பவர் உருவாக்கினார். 1971இல் கிழக்கு இலண்டனின் ஹாக்னி பகுதியில், முட்டை வடிவச் செங்கற் கழிவுநீர்க் குழாய் ஒன்றின் 70 மீட்டர் நீளத்தில் இம்முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது. 1977இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. குழாய் உடைப்பு முறை 1970களின் இறுதியில் பிரித்தானியாவில், சிறிய வார்ப்பிரும்பு எரிவளிக் குழாய்களை மாற்றுவதற்காக உருவாகி, பின்னர் நீர்க்குழாய்களுக்கும் பரவியது.

1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய நீராய்வு மையம் கழிவுநீர்க் குழாய்ச் சீரமைப்புக் கையேட்டை வெளியிட்டது. நிகழ்படக் கருவியால் காணப்படும் விரிசல், உருக்குலைவு போன்ற குறைகளைக் குறியீடுகளாகப் பதிந்து, குழாய்களை 1 முதல் 5 வரை தரப்படுத்தும் வழக்கம் இதன்வழி பரவியது. சீரமைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள நிலையை ஒரே அளவுகோலால் ஒப்பிட இது வழிசெய்தது. 1989இல், வெளிப்புறமாகத் திருப்பிச் செலுத்தப்படும் உறைகளுக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1216 என்னும் தரநிலை ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்தது. அதே ஆண்டில் லூசியானா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அகழ்வில்லாத் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. 1994இல் ஜெர்மனியின் கெல்சன்கிர்ச்சன் நகரில் நிலத்தடிக் கட்டமைப்பு நிறுவனம் (ஐ.கே.டி.) நிறுவப்பட்டது.

சோதனையின் படிநிலைகள்

வலிமைச் சோதனை

கழிவுநீர்க் குழாயில் இடப்படும் உறை மீது பெரும்பாலும் செயற்படும் சுமை நிலத்தடி நீரின் அழுத்தமே ஆகும். குழாயின் விரிசல்கள் வழியே புகும் நீர் உறையை வெளியிலிருந்து இடைவிடாது அழுத்துகிறது. சுவர் போதிய தடிப்பு இல்லாதிருந்தால் உறை உட்புறமாக மடிந்துவிடும். ஆகவே தடிப்பு, வளைவு வலிமை, வளைவுக் குணகம் (வளைவை எதிர்க்கும் விறைப்பின் அளவு) ஆகியன அளக்கப்படுகின்றன. எஃப் 1216 தரநிலை, வளைவு வலிமை சதுர அங்குலத்துக்கு 4,500 இறாத்தலும் (சுமார் 31 மெகாபாசுக்கல்), வளைவுக் குணகம் 2,50,000 இறாத்தலும் (சுமார் 1,724 மெகாபாசுக்கல்) குறைந்த அளவாக இருக்க வேண்டும் என்கிறது.

நெகிழிப் பொருட்கள் தொடர்ந்த சுமையின் கீழ் மெல்ல மெல்ல உருமாறும் இயல்புடையவை. எனவே குறுங்கால வலிமையைக் கொண்டு நெடுங்கால வலிமையைக் கூற இயலாது. இதற்காக மாதிரிகளின் மீது 10,000 மணிநேரம் சுமையேற்றி, உருமாற்றத்தை அளந்து, அவ்வளவுகளை 50 ஆண்டுகளுக்கு நீட்டிக் கணிக்கின்றனர். 10,000 மணிநேரம் என்பது சுமார் 14 மாதங்கள். 50 ஆண்டுகள் என்பன ஏறத்தாழ 4,38,000 மணிநேரம். அதாவது, அளந்த காலத்தைப் போல் 40 மடங்குக்கும் மேலான காலத்துக்கு முடிவு கூறப்படுகிறது. இத்தொழில்நுட்பங்களின் நம்பகத்தன்மை பற்றிய விவாதங்கள் பலவும் இவ்விடைவெளியிலிருந்தே எழுகின்றன.

குடிநீர்ப் பாதுகாப்புச் சோதனை

குடிநீரைத் தொடும் எந்தப் பொருளும் நீரில் எவற்றைக் கரைத்துவிடுகிறது என்பது தனியே சோதிக்கப்பட வேண்டும். வட அமெரிக்காவில் 1988இல் முதலில் வெளியான என்.எஸ்.எஃப்/ஆன்சி 61 தரநிலை இதற்குப் பயன்படுகிறது. பொருளின் மாதிரியைக் குறிப்பிட்ட இயல்புகளையுடைய நீரில் ஊறவைத்து, அந்நீரைப் பகுப்பாய்ந்து, கரைந்த வேதிப்பொருட்களின் அளவை நச்சியல் வரம்புகளோடு ஒப்பிடுகின்றனர். இங்கிலாந்தில் இதனை ஒத்த ஒப்புதல், நீர்த்தர விதிகளின் 31ஆம் விதியின் கீழ் வழங்கப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் முழுமையாக இறுகிய மாதிரி தேறிவிட்டாலும், களத்தில் அரைகுறையாக இறுகிய அதே பொருள் தேறும் என்பதில்லை. ஆதலால் இறுகும் வெப்பநிலையையும் நேரத்தையும் களத்தில் பதிவு செய்வது சோதனையின் பகுதியாகக் கருதப்படுகிறது.

களச் சோதனை

உண்மையான தெருவில், உண்மையான குழாயில், வழமையான பணியாளர்களைக் கொண்டு முறை செயற்படுத்தப்படுகிறது. குழாயைத் துப்புரவு செய்ய ஆன நேரம், நீர் நிறுத்தப்பட்ட காலம், தோண்டிய குழிகளின் எண்ணிக்கை, வீட்டு இணைப்புகளை உள்ளிருந்தே மீண்டும் திறக்க முடிந்ததா என்பது, எழுந்த இடர்ப்பாடுகள், ஆன செலவு ஆகியன பதிவு செய்யப்படுகின்றன. பணி முடிந்தபின் அழுத்தச் சோதனை, நிகழ்படச் சோதனை, நீர்த்தரச் சோதனை ஆகியவை நடைபெறும்.

பின்னோக்கு மதிப்பீடு

பல ஆண்டுகளுக்கு முன் இடப்பட்ட உறையிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்து, அவற்றின் இன்றைய வலிமையை அளப்பது பின்னோக்கு மதிப்பீடு எனப்படும். 50 ஆண்டுக் கணிப்பு சரியா என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறில்லை எனலாம்.

ஐக்கிய அமெரிக்க ஆய்வுத் திட்டம்

ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் வெளியிட்ட பகுப்பாய்வில், நீர்க் கட்டமைப்புக்குத் தேவையான பணத்துக்கும் செலவிடப்படும் பணத்துக்கும் இடையே பெரும் இடைவெளி இருப்பதைச் சுட்டிக்காட்டியது. இதைத் தொடர்ந்து 2007இல் முதுமையடையும் நீர்க் கட்டமைப்பு ஆய்வுத் திட்டத்தை அது தொடங்கியது. சந்தையில் இருந்தும் நகரங்கள் கையாளத் தயங்கிய முறைகளை நகரங்களின் ஒத்துழைப்போடு களத்தில் செயற்படுத்தி, குறைகளையும் சேர்த்து அறிக்கையாக வெளியிடுவது இத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

லூயிவில்

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 2009இல், 76 ஆண்டுப் பழைமையான 24 அங்குல வார்ப்பிரும்புக் குழாயின் 2,057 அடி (சுமார் 627 மீட்டர்) நீளத்தில் குழாய் நிலையறியும் கருவிகள் பல சோதிக்கப்பட்டன. கசிவின் ஒலியைக் கேட்கும் கருவிகள், நீரோட்டத்தோடு உருண்டு செல்லும் உணரிப் பந்து, ஒலியலையின் வேகத்தைக் கொண்டு சுவரின் தடிப்பைக் கணிக்கும் முறை, மின்காந்த முறையில் அரிப்பை அறியும் கருவிகள் என்பன அவற்றுள் அடங்கும்.

இச்சோதனையின் சிறப்பு, அக்குழாய் மாற்றப்படவிருந்த குழாய் என்பதாகும். கருவிகள் கூறிய முடிவுகளை, பின்னர் தோண்டியெடுத்த குழாய்த் துண்டுகளின் நேரடி அளவுகளோடு ஒப்பிட முடிந்தது. ஒலியலை முறை இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட சுவரின் சராசரித் தடிப்பையே தருகிறது. ஓரிடத்தில் ஆழமாகக் குழிந்த அரிப்பு அச்சராசரியில் மறைந்துவிடலாம். குழாய் உடைவது பெரும்பாலும் அத்தகைய ஓரிடத்திலேயே என்பதால், ஒரு கருவி எதனை அளக்கிறது, எதனை அளப்பதில்லை என்பதை அறிவது அதன் துல்லியத்தை அறிவதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

கழிவுநீர்க் குழாய்களின் நிலையறியும் கருவிகளுக்கு இதனை ஒத்த களச்சோதனை மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில் நடத்தப்பட்டது.

கிளீவ்லாண்டும் சாமர்வில்லும்

ஓகையோ மாநிலத்தின் கிளீவ்லாண்டு நகரில் 6 அங்குல வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாயில் இடத்திலேயே இறுகும் உறை ஒன்றும், நியூ செர்சி மாநிலத்தின் சாமர்வில் ஊரில் விரைவில் இறுகும் பாலிமர்த் தெளிப்புப் பூச்சு ஒன்றும் சோதிக்கப்பட்டன. இவற்றின் அறிக்கைகள் 2012இல் வெளியாயின. இம்முறை கழிவுநீர்க் குழாய்களில் நன்கு வேரூன்றியிருந்தது. அழுத்தத்தோடு ஓடும் குடிநீர்க் குழாய்களில் அது புதியது. ஒவ்வொரு வீட்டு இணைப்பும் கசிவின்றி மீண்டும் திறக்கப்பட வேண்டும் என்பதும், பணி நடக்கும் நாட்களில் தற்காலிகக் குழாய் வழியே வீடுகளுக்கு நீர் வழங்க வேண்டும் என்பதும் குடிநீர்க் குழாய்க்கே உரிய சிக்கல்கள் ஆகும். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், பெருவிட்டக் கழிவுநீர்க் குழாயொன்றில் தெளிக்கப்பட்ட இழை கலந்த ஜியோபாலிமர்ச் சாந்து பற்றிய அறிக்கை 2014இல் வெளிவந்தது.

டென்வரும் கொலம்பசும்

இடத்திலேயே இறுகும் உறைகளின் முதுமையை ஆராய டென்வர், கொலம்பசு ஆகிய இரு நகரங்களில் பின்னோக்கு மதிப்பீடு நடத்தப்பட்டது. டென்வரில் 8 அங்குலச் சுட்டகளிமண் குழாயிலிருந்த 25 ஆண்டு உறையும் 48 அங்குலச் செங்கற் குழாயிலிருந்த 23 ஆண்டு உறையும், கொலம்பசில் 8 அங்குலச் சுட்டகளிமண் குழாயிலிருந்த 5 ஆண்டு உறையும் 36 அங்குலச் செங்கற் குழாயிலிருந்த 21 ஆண்டு உறையும் ஆராயப்பட்டன. 2012இல் வெளியான அறிக்கை, அவ்வுறைகள் நல்ல நிலையில் இருப்பதாகவும், அவை 50 ஆண்டு வாழ்நாளை எட்டமாட்டா எனக் கருதக் காரணமில்லை என்றும் கூறியது. மாதிரிகளின் எண்ணிக்கை சிறிது என்பதால் இதனை எல்லா உறைகளுக்கும் பொதுவான தீர்ப்பாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும், கணிப்பாக மட்டும் இருந்த ஒன்றுக்கு அளவுகள் கிடைத்தமை இதன் பயனாகும்.

ஜெர்மனியின் ஒப்பீட்டுச் சோதனைகள்

கெல்சன்கிர்ச்சனிலுள்ள ஐ.கே.டி. நிறுவனம், பல நிறுவனங்களின் பொருட்களை ஒரே நிலைமைகளில் பக்கம் பக்கமாக வைத்துச் சோதித்து, பள்ளி மதிப்பெண்களைப் போன்ற தரங்களைப் பெயருடன் வெளியிடுகிறது. மேலும், கட்டுமான இடங்களிலிருந்து வந்த உறை மாதிரிகளின் முடிவுகளை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தொகுக்கிறது. வளைவுக் குணகம், வளைவு வலிமை, சுவர்த் தடிப்பு, நீர் ஒழுகாமை ஆகிய நான்கும் அவ்வறிக்கையில் இடம்பெறுகின்றன. நகராட்சிகள் ஒப்பந்தக்காரர்களைத் தெரிவு செய்யும்போது இம்முடிவுகளை நோக்க முடிகிறது. முடிவுகள் வெளிப்படையாக அச்சேறுவதே தரம் உயர ஒரு தூண்டுகோலாக அமைகிறது எனலாம்.

பணியாளர் நலமும் சுற்றுச்சூழலும்

கழிவுநீர்க் குழாய் உறைகளில் பயன்படும் பாலியெஸ்டர்ப் பிசின்கள் பலவற்றில் ஸ்டைரீன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. 2017இல் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தியானா, கலிபோர்னியா மாநிலங்களில் நீராவியால் இறுகச் செய்த பணியிடங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், வெளியேறும் வெண்புகை வெறும் நீராவி அன்று எனவும், அதில் ஸ்டைரீன் உள்ளிட்ட கரிம ஆவிகளும் இறுகாத பிசினின் துகள்களும் கலந்துள்ளன எனவும் காட்டினர். இதன்பின் பணியாளர் பாதுகாப்பு, காற்றோட்டம், அருகிலுள்ள வீடுகளுக்குள் ஆவி புகுதல் ஆகியவை கூடுதல் கவனம் பெற்றன. உறை உழைக்குமா என்று மட்டும் கேட்ட முந்தைய சோதனைகள், அதனை இடுபவருக்கும் அயலில் வாழ்பவருக்கும் என்ன நேர்கிறது என்பதைப் போதிய அளவு கேட்கவில்லை என்பது இவ்வாய்வின் வழி தெளிவாயிற்று.

சிக்கல்களும் வரம்புகளும்

- மாதிரியின் சிக்கல்: உறையின் சோதனைத் துண்டு வழமையாக ஆள்நுழைவுக் குழியை ஒட்டிய முனையிலிருந்து எடுக்கப்படுகிறது. குளிர்ந்த நிலத்தடி நீர் கசியும் நடுப்பகுதியில் உறை எவ்வாறு இறுகியது என்பதை அத்துண்டு காட்டாது.
- காலத்தின் சிக்கல்: ஒரு பொருள் 20 ஆண்டு உழைத்ததை நிறுவ 20 ஆண்டுகள் வேண்டும். அதற்குள் உற்பத்தியாளர் பிசினின் சேர்க்கையை மாற்றியிருக்கலாம்.
- செலவின் சிக்கல்: சிறு நகரங்களால் தாமே சோதனை நடத்த இயலாது. எனவே பொதுப்பணத்தில் நடக்கும் சோதனைகளையும் அவற்றின் திறந்த அறிக்கைகளையும் அவை சார்ந்துள்ளன.
- பொறுப்பின் சிக்கல்: புதிய முறையைத் தெரிவு செய்து அது தவறினால் பழி தெரிவு செய்த பொறியாளர் மீது விழும், பழைய முறை தவறினால் எவரும் வினவுவதில்லை. இத்தயக்கத்தைக் குறைப்பதும் நடுநிலையான சோதனையின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

- குடிநீர் வழங்கல்
- கழிவுநீர் மேலாண்மை
- வார்ப்பிரும்பு
- அரிப்பு
- குடிசார் பொறியியல்